உளப்பிளவு நோயும் மாணாக்கப் பருவமும்

உடம்புக்கு நோய் வருதல் போல உள்ளத்துக்கும் நோய் வரும். ஆயினும் உடம்பின் நோயை நாம் வாய்விட்டுச் சொல்லுகிறோம்; உள்ளத்தின் நோயை மறைக்கிறோம். நீரிழிவு உடையான் ஒருவன் பந்தியில் இருந்துகொண்டே தன் நோயைப் பலரறியக் கூறிப் பாயசத்தை விலக்குகின்றான். அவன் வீட்டிலேயே உள்ளம் நோயுற்ற தம்பி ஒருவன் இருப்பின், விருந்தினர் வரும்போது அத்தம்பியின் அறைக்கதவு சாத்தப்படுகின்றது. இவ்விரு நோயும் மருந்துக்கு அடங்குவன. இரண்டும் நெடுநாள் உடன் உறைவன. வேற்றுமை நோயில் இல்லை. நம் மனப்பாங்கிலேயே உள்ளது.

இக்கட்டுரை உளநோய்களுள் கடியதாகிய உளப்பிளவு நோயைப் பற்றியது. கல்லூரி மலரொன்றில் இதனை எழுதுவதற்குத் தக்க காரணம் உண்டு. இந்நோய் பெரும்பாலும் ஆண்களிடத்தே 18 முதல் 25 வயதளவிலும், பெண்களிடத்தே சற்றுப் பிந்தியும் தலைகாட்டுகின்றது. அஃதாவது, உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் காலமும், பல்கலைக்கழகம் புகும் காலமும், முதற் சம்பளம் பெறும் காலமுமே இது தோன்றுங் காலம். எனவே இதனை முதலிற் காணக்கூடியவர் வைத்தியர் அல்லர். பெற்றோரும் ஆசிரியரும் உடன் கற்போருமே ஆவர். அவர்கள் கண்டும் அறியாதிருப்பின் வீணாவது ஓர் இளைஞனின் வாழ்நாள். விரைந்து அறிதல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் வற்புறுத்தும் பொருள்.

பெயரும் பொருளும்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் உளநோய் அனைத்துக்கும் விசர் என்னும் ஒரு சொல்லே போதியதாக இருந்து வருகின்றது. வெறிகொண்ட நாய்க்கும் விசர். பொருந்தாப் பேச்சுக்கும் விசர்க்கதை. சினம் மிகுந்தவனும் தனக்கு விசர் வருகின்றது என்பான். பல பொருள் குறிக்கும் ஒரு சொல் இலக்கியத்துக்கு அணியாகலாம். நோயைச் சுட்டுதற்கு உதவாது. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கு வேண்டிய கலைச்சொற்களையும் நூல்களையும் ஆக்குவித்தார். உடலுறுப்பு ஒவ்வொன்றுக்கும் தமிழ்ச்சொல் தேடிய இம்மண்ணில், உள்ளத்தின் நோய்க்கு விசர் என்னும் ஒரு சொல்லோடு அமைந்துவிடுதல் தகாது.

நம் முன்னோர் இந்நோய்களை அறியாதவர் அல்லர். சரக சங்கிதை உன்மாதம் என்னுந் தலைப்பில் உளநோய்க்குத் தனி அதிகாரங்கள் வகுத்துள்ளது. மேனாட்டில் 1890களில் எமில் கிரெப்பெலின் என்னும் ஜேர்மானிய வைத்தியர், இளமையில் தோன்றி அறிவைக் கெடுக்கும் நோயென ஒன்றைப் பிரித்துக் காட்டினார். 1908இல் சுவிற்சர்லாந்து நாட்டு யூஜின் புளொய்லர், நோய் எல்லோரிடத்தும் அறிவழிவில் முடிவதில்லை எனக் கண்டு, அதற்குச் சிசோபிரேனியா எனப் புதுப் பெயர் இட்டார். பிளத்தல், உள்ளம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் புணர்ப்பு அது. அதனை நம்மவர் உளப்பிளவு என்றும், தமிழ்நாட்டார் மனச்சிதைவு என்றும் வழங்குவர்.

இப்பெயரால் விளைந்த மயக்கம் ஒன்றையும் நீக்குதல் வேண்டும். ஒருவனுக்குள் இருவர் குடியிருத்தல் என்று பலர் இதனைக் கருதுகின்றனர். அது பிழை. எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகிய மூன்றுக்கும் இடையேயுள்ள பிணைப்பு நெகிழ்தலையே புளொய்லர் பிளவு என்றார்.

நோயின் குறிகள்

குறிகளை இருவகையாகப் பகுத்துக்கொண்டால் நினைவிற் கொள்ளுதல் எளிது. இல்லாதது தோன்றுதல் ஒன்று. உள்ளது குன்றுதல் மற்றொன்று.

இல்லாதது தோன்றுதலுள் முதலாவது குரல் கேட்டல். அருகில் எவரும் இல்லாதபோது பேச்சுக் கேட்கும். இருவர் அவனைப் பற்றித் தமக்குள் உரையாடுவது போலவும், அவன் செய்வனவற்றை ஒருவர் உடனுக்குடன் எடுத்துச் சொல்வது போலவும், சிலபோது இன்னது செய் என்று ஏவுவது போலவும் கேட்கும். இது கற்பனை என்று அவனிடம் சொல்லுதல் பயனற்றது. நாம் பேசுவது அவன் காதில் விழுவது போலவே அக்குரலும் விழுகின்றது.

இரண்டாவது, எச்சான்று காட்டினும் அசையாத பொய் நம்பிக்கை. அயலார் தன் கிணற்றில் நஞ்சிட்டனர் என்பான். வானொலியும் கைத்தொலைபேசியும் தன்னைப் பற்றியே பேசுகின்றன என்பான். தன் எண்ணங்களைப் பிறர் களவாடுகின்றனர், அல்லது அவை ஊரறியப் பரவுகின்றன என்பான். மூன்றாவது, பேச்சின் இயைபு கெடுதல். எழுவாய் ஒன்று, பயனிலை வேறொன்று, இடையில் தொடர்பில்லா அடைகள் என்று அமைந்த வாக்கியம் எவ்வாறு பொருள் தராதோ, அவ்வாறே நோய் முற்றியவன் பேச்சும் பொருள் தராது.

உள்ளது குன்றுதலோ ஓசையின்றி நிகழ்வது. முயற்சி குன்றும், பேச்சுச் சுருங்கும், முகத்தில் மகிழ்ச்சியும் துயரும் தோன்றா, நண்பரை நாடான், குளித்தலும் உடை மாற்றலும் பாரமாகும். கவனமும் நினைவும் தளரும். இவ்வகைக் குறிகளே வீட்டிலும் பள்ளியிலும் சோம்பல் என்றும் திமிர் என்றும் பெயர் பெற்று, ஏச்சும் அடியும் வாங்கித் தருகின்றன.

மாணாக்கன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். கணிதத்திற் கெட்டிக்காரன், துடுப்பாட்டத்திலும் ஆர்வமுடையவன். உயர்தர வகுப்பின் இரண்டாம் ஆண்டில் மைதானத்துக்கு வாராதொழிகின்றான். கடைசி வாங்குக்கு மாறி அமர்கின்றான். இரவில் உறங்காது, பகலில் வகுப்பில் கண் அயர்கின்றான். பின்னால் இருப்போர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக முறையிடுகின்றான். ஒப்படைகளில் எழுத்துக் குலைகின்றது. விடைக்கு இயைபில்லாத வரிகள் இடையிடையே வருகின்றன. தனியே நின்று உதடசைத்துச் சிரிக்கின்றான். ஆறு மாதத்தில் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஆசிரியர் ஐவரும் தனித்தனியே கண்டிருப்பர். ஒருங்கு கூடிப் பேசியிருப்பின் அது நோயின் வருகை எனத் தோன்றியிருக்கும்.

இவற்றுள் ஒன்று மட்டும் இருப்பது நோய்க்குச் சான்றாகாது. பரீட்சை அச்சமும், வீட்டுத் துயரும், காதல் முறிவும் இளைஞரை ஒதுங்கச் செய்யும். முன்னிருந்த இயல்பு மாறுதல், அம்மாற்றம் வாரக்கணக்கில் நீளுதல், பல குறிகள் ஒருங்கு கூடுதல் ஆகிய மூன்றையுமே நோக்குதல் வேண்டும்.

நிதானம்

இந்நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இல்லை. மூளைப் படமும் இல்லை. வைத்தியர் நோயாளியுடனும் குடும்பத்தாருடனும் நெடிது உரையாடியே நோயைத் துணிவர். முதன்மைக் குறிகள் ஒரு மாதமேனும் நிலைத்திருத்தல் வேண்டும் என்பது உலக நோய்ப்பகுப்பின் விதி. எனினும், அம்மாதம் முடியும்வரை வீட்டில் காத்திருக்க வேண்டும் என்பது இதன் கருத்தன்று. நாட்களை எண்ணுதல் வைத்தியர் பணி. கழுத்துச் சுரப்பியின் கோளாறு, வலிப்பு, மூளை அழற்சி முதலியனவும் இதுபோன்ற குறிகளைக் காட்டுமாதலின், பரிசோதனைகள் அவற்றை விலக்குதற்கு உதவும். கஞ்சாவும், ஐஸ் என இந்நாளில் வழங்கும் போதைப்பொருளும் இவ்வாறே மயக்கம் விளைப்பன. ஆதலின் வைத்தியரிடம் எதனையும் மறைத்தல் கூடாது.

நம் சமயச் சூழலில் இன்னொன்றும் கருதத்தக்கது. திருவிழாவிற் கலையாடுபவர் நோயாளர் அல்லர். அவர் ஆடி முடித்துத் தீர்த்தம் வாங்கி, மறுநாள் தம் தொழிலுக்குச் செல்கின்றார். சூழ நிற்போரும் அவர் நம்பிக்கையைப் பகிர்ந்துகொள்கின்றனர். நோயாளியின் நம்பிக்கையோ அவன் ஒருவனுக்கே உரியது. அவனைத் தொழிலிலிருந்தும் உறவிலிருந்தும் பிரிப்பது. இவ்வேறுபாட்டை அறிய வைத்தியர்க்கு மருத்துவ அறிவோடு மண்ணின் வழக்கறிவும் வேண்டும்.

காரணமும் கலியாணமும்

ஒரு தனிக் காரணம் காட்டமுடியாது. பரம்பரைச் சார்பு, கருவிலும் பிறப்பிலும் நேர்ந்த இடர்கள், இளமையிற் பழகிய கஞ்சா, வாழ்க்கை நெருக்கடி எனப் பல கூடி, மூளையில் டோபமின் முதலிய இரசாயனத் தூதுப்பொருள்களின் ஒழுங்கைக் குலைக்கின்றன. செய்வினையோ, தாயின் வளர்ப்போ, முற்பிறப்புப் பழியோ காரணம் என்பதற்குச் சான்று இல்லை.

நம் நாட்டில் இந்நோயை மறைப்பதற்கு முதற் காரணம் கலியாணப் பேச்சு. அண்ணனுக்கு நோய் என்று வெளித்தெரியின் தங்கைக்கு வரன் வாராது என்னும் அச்சத்தால், அண்ணனின் சிகிச்சை ஆண்டுக்கணக்கிற் பின்தள்ளப்படுகின்றது. கணக்கைப் பார்ப்போம். பொதுமக்களுள் தம் வாழ்நாளில் இந்நோய் கொள்வோர் 100க்கு ஒருவர் அளவினர். தந்தைக்கோ தாய்க்கோ நோய் இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 10 அளவு. நோயாளியின் மருமகப் பிள்ளைக்கு, அஃதாவது அத்தங்கையின் பிள்ளைக்கு, 100க்கு 4 அளவே. ஒரு கருவில் உதித்து ஒத்த உருவுடைய இரட்டையருள்ளும், ஒருவர்க்கு வந்தால் மற்றவர்க்கு வருதல் பாதியளவினும் மிகுவதில்லை. இத்துணைச் சிறிய ஐயத்துக்காக, கண்முன் நிற்கும் மகனின் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் அறமாகாது.

சிகிச்சையின் நான்கு கூறுகள்

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துள்ளார். உளப்பிளவு நோய்க்கு அப்பகுப்பு மிகப் பொருந்தும்.

முதலில் மருந்து. 1950 வரை இந்நோய்க்குத் தக்க மருந்து உலகில் எங்கும் இல்லை. இன்சுலின் ஏற்றி மயக்கத்தில் ஆழ்த்தினர். மூளை நரம்புகளை அறுத்தனர். 1952இல் பாரிசு நகரத்துச் சென் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசின் என்னும் மருந்தை நோயாளர்க்குக் கொடுத்தனர். கூச்சலும் கட்டும் நிறைந்திருந்த கூடங்களில் அமைதி தோன்றிற்று. 1958இல் பெல்ஜியத்தில் ஹலோபெரிடோல் ஆக்கப்பட்டது. பின்னர், நாடோறும் குளிசை விழுங்க இயலாதார்க்கு வாரக்கணக்கில் நின்று பயன்தரும் ஊசிமருந்துகள் வந்தன. ஏனைய மருந்துகளுக்கு அடங்காதார்க்குக் குளோசபின் உதவும் என்பது 1988இல் நிறுவப்பட்டது. அதனை உண்போர் இரத்தத்தை ஒழுங்காகப் பரிசோதித்தல் கட்டாயம்.

இம்மருந்துகளுக்குத் தீங்கான விளைவுகளும் உண்டு. சிலவற்றால் நடுக்கமும் விறைப்பும், சிலவற்றால் உடற்பருமனும் நீரிழிவும் வரலாம். வந்தால் வைத்தியரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றுவித்தல் வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது. 2012இல் 65 ஆய்வுகளைத் தொகுத்து வெளிவந்த கணக்கின்படி, மருந்தை நிறுத்தியோருள் ஓராண்டினுள் 100க்கு 64 பேருக்கு நோய் மீண்டது. தொடர்ந்து உண்டோருள் 27 பேருக்கே மீண்டது. குணமாயிற்று என்று எண்ணி நிறுத்துவதே, நோய் மீளுதற்குப் பெருவழி என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாவது வைத்தியன். கொழும்பை அடுத்த அங்கொடையில் 1926இல் உளநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தார்க்கு அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவு, மொழியும் வேறு. போனவர் திரும்பார் என்னும் அச்சத்தால் அவ்வூர்ப்பெயரே நம்மிடையே ஏளனச் சொல்லாயிற்று. இன்று அது தேசிய உளநல நிறுவனமாக விளங்குகின்றது; ஆயினும் நாம் அவ்வளவு தூரம் போகவேண்டுவதில்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கின்றது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் மனவடு என்னும் கைந்நூலைத் தமிழில் ஆக்கி, ஆசிரியரும் தொண்டரும் உளநலம் பேணப் பயிலுதற்கு வழிகாட்டினார். 1995 ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்த நாட்களை எண்ணினால், தொடர்ந்து மருந்து வேண்டுவோர்க்கு அக்காலம் எத்துணைக் கொடியதாயிருந்திருக்கும் என்பது விளங்கும்.

மூன்றாவது அருகிருப்போர். 1950களிலும் 60களிலும் இலண்டனில் ஜோர்ஜ் பிறவுனும் அவர் குழுவினரும் ஓர் உண்மையைக் கண்டனர். வைத்தியசாலையிலிருந்து மீண்டவருள், ஓயாது குறை கூறும் வீட்டிற்கும், வெறுப்புக் காட்டும் வீட்டிற்கும், அளவிறந்து பொத்திப் பொத்திக் காக்கும் வீட்டிற்கும் சென்றவர்க்கே நோய் மிகுதியும் மீண்டது. இந்தியாவில் சண்டிகரில் நிகழ்த்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய கடுஞ்சொல் அங்குள்ள குடும்பங்களில் இலண்டனிலும் குறைவு எனக் காட்டிற்று. 1960களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ஆக்ரா உட்பட ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்வில், செல்வ நாடுகளிலும் வளரும் நாடுகளிலேயே நோயாளர் நிலை பின்னாளில் மேம்பட்டிருந்தது. இலங்கையைப் பற்றி நான்சி வாக்சிலர் 1979இல் வெளியிட்ட ஆய்வும் இக்கருத்தினதே. பின்வந்தோர் சிலர் இம்முடிவை ஐயுற்றுள்ளனராயினும், நோயாளியை விலக்காத குடும்பம் பெருமருந்து என்பதை எவரும் மறுத்திலர்.

கோயிலுக்கு நேர்தலும் நூல் கட்டுதலும் நம்மிடையே பெருவழக்கு. இவற்றைப் பற்றித் தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் நமக்குப் பாடமாகும். 2001 ஓகத்து 6ஆம் நாள் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்ட உளநோயாளர் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓடமாட்டாது 28 பேர் மாண்டனர். அடுத்த ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கிய கடும் உளநோயாளர் 31 பேரைப் பற்றியது. அங்கே சங்கிலி இல்லை, உறவினர் உடனிருந்தனர், சிறு சிறு கோயிற் பணிகளில் ஈடுபட்டனர். சில வாரங்களில் அவர்தம் குறிகள் ஐந்தில் ஒரு பங்களவு தணிந்தன. நோயாளியைத் தணித்தது அன்பும் அமைதியும் வேலையும் ஆம். ஆதலின் கோயிலுக்குச் செல்லுதல் மருந்துக்குப் பகையன்று. மருந்தை விட்டுக் கோயிலுக்குச் செல்லுதலே பகை.

நான்காவது நோயாளி. அவன் வெறுமனே குளிசை உண்பவன் அல்லன். தன் வாழ்வை மீட்டெடுப்பவன். அதற்குத் தொழில் வேண்டும். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், மருந்தோடு தொழிற்பயிற்சியையும் மறுவாழ்வையும் சேர்த்தே வழங்கி வருகின்றது. கணித மேதை ஜோன் நாஷ் 1959இல், தம் 30ஆம் வயதளவில், இந்நோய்க்கு ஆளாகிப் பல ஆண்டு துன்புற்று மீண்டார்; 1994இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். எல்லோரும் நாஷ் ஆதல் இயலாது. எனினும் மூவருள் ஒருவரேனும் முற்றாகக் குணமடைவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று; ஏனையோருள்ளும் பலர் மருந்தோடு குடும்பமும் தொழிலும் பேணி வாழ்கின்றனர்.

நம் கடமை

இனிச் செய்யத்தக்கன யாவை? ஆசிரியர், மாணாக்கனிடத்து மாற்றம் காணின் வகுப்பறையில் வினவாது தனியே அழைத்து, உறக்கம் எப்படி, மனத்தை வருத்துவது யாது என்று கேட்டல் வேண்டும். நோயின் பெயரைத் தாமே சூட்டுதல் வேண்டா. பெற்றோரை அழைத்துத் தாம் கண்டதை மட்டும் கூறி, வைத்தியரிடம் வழிப்படுத்துதல் வேண்டும். சிகிச்சை பெற்று மீளும் மாணாக்கனுக்கு ஓராண்டு பிந்திப் பரீட்சை எழுத இடந்தருதல், பெயரை வெட்டுவதினும் நன்று.

மாணாக்கர், தம் தோழனுக்குப் பட்டப்பெயர் சூட்டாதிருப்பாராக. குரல் கேட்கின்றது என்று அவன் சொன்னால், அதனை மெய்யென்றும் பொய்யென்றும் வழக்காடாது, உனக்கு அது அச்சந் தருமே என்று கூறித் துணைநிற்பாராக. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு அவன் வாயில் வந்தால் இரகசியம் காத்தல் நட்பாகாது. அன்றே பெரியோர்க்கு அறிவித்தல் வேண்டும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணும் உதவிக்கு உண்டு.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். உங்களுள் பலர் கடை நடத்துகின்றீர், காரியாலயம் நடத்துகின்றீர், கடல்கடந்து நிறுவனங்களில் உயர்ந்திருக்கின்றீர். உம்முடன் ஒரே வாங்கில் இருந்து கற்றவன் ஒருவன் எங்கோ ஒரு வீட்டின் பின்னறையில் இருத்தல் கூடும். யூபிலிக்கு அழைப்பிதழ் அனுப்பும்போது அவன் பெயரையும் நினையுங்கள். அவன் வரவில்லையாயின் நீங்கள் சென்று காணுங்கள். மருந்துண்டு மீண்டவனாயின், அவன் ஆற்றலுக்கு ஏற்ற ஒரு வேலை கொடுங்கள். கட்டடம் எழுப்புதலும் பரிசு நிறுவுதலும் போல இதுவும் கல்லூரிக்குச் செய்யும் தொண்டேயாம்.